முற்றத்தில் நின்ற கதவு

எங்கள் வெள்ளோடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொல் உண்டு. வீட்டுச்சொல் என்போம். கடலுக்குப் போன ஆள் திரும்பி வந்து கதவைத் தட்டினால் வெளியே நின்றபடி அதைச் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர் காதைக் கதவோடு ஒட்டிக் கேட்டு, சரிதான் என்று தெரிந்த பிறகே தாழ்ப்பாளை நீக்க வேண்டும், ஏனென்றால் கடல் சில சமயம் போன ஆளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதே கைலி, அதே தழும்பு, அதே நடையோடு இன்னொருவரைக் கரைக்கு அனுப்பிவிடும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவர்களும் இங்கே அறிவார்கள். கட்டுமரக் காலத்து வழக்கம் இது. ஆண்கள் கட்டுமரத்தை விட்டுச் சரக்குக் கப்பல்களில் ஏறி, ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் வந்து இறங்கத் தொடங்கிய பிறகும், சக்கரப் பெட்டியை மணலில் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று அதே சொல்லைத்தான் சொன்னார்கள். அந்தச் சொல் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மட்டும் உரியது என்பதால், பெட்டியோடு ஒருவர் தெருவில் வருவதைப் பார்த்ததும் அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் சத்தமாக இருமத் தொடங்குவது மரியாதை. சின்ன வயதில் எனக்குக் கப்பல்காரர்கள் வருவது என்றால் தெருவுக்கே சளி பிடிப்பது என்றுதான் அர்த்தம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு நான் ஊருக்குத் திரும்பிய அந்த ஆண்டு, தவக்காலத்தின் இரண்டாவது வாரத்தில், ஊர்க்காரர்களின் போன்களுக்கு மெயில்கள் வரத் தொடங்கின. கப்பல் கம்பெனிகள் எதையும் மெயிலில்தான் பேசும் என்பதால் எங்கள் ஊரில் கட்டில் இல்லாத வீட்டிலும் மெயில் உண்டு. உங்கள் கணக்கு இன்று மாலையோடு முடக்கப்படும், உங்கள் கணவரின் பயணக் காகிதத்தில் குறை இருக்கிறது, உங்கள் கேஸ் இணைப்பு நிறுத்தப்படுகிறது, உடனே உறுதி செய்யவும், இங்கே தொடவும் என்று நீல எழுத்தில் இருக்கும். தொட்டால் போனில் ஒன்றும் நடக்காது. போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் முற்றத்தில் ஒரு கதவு நிற்கும்.

சுவர் இல்லாமல், நிலையும் படியும் பித்தளைக் கைப்பிடியுமாக, பேங்க் என்றால் பேங்க் கதவு, பென்ஷன் ஆபீஸ் என்றால் பென்ஷன் ஆபீஸ் கதவு, பெயர்ப்பலகைகூட ஒரு விரற்கடை பிசகாமல் நிற்கும். பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தால் உங்கள் கோழிதான் மேய்ந்துகொண்டிருக்கும். முன்பக்கம் நின்றால் உள்ளிருந்து ஒரு குரல் வரும். நிலைக்கு மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். "வணக்கம். உங்கள் பாதுகாப்புக்காக, உங்கள் வீட்டுச்சொல்லைச் சொல்லவும்" என்று அந்தக் குரல், எங்கள் ஊரில் எந்த ஆபீசிலும் யாரும் கேட்டிராத பணிவோடு கேட்கும்.

வேறு ஊராக இருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கதவுக்கு முன்னால் நிற்கிறவர் வெளியே இருக்கிறவர், வெளியே இருக்கிறவர் சொல்ல வேண்டும், உள்ளே இருக்கிற குரல் கேட்க வேண்டும் என்று தாய்ப்பாலோடு சேர்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

முதலில் சொன்னவர் கொரைரா மாமா என்பதுதான் ஊருக்கு ஆச்சரியம். கதவு வந்தது யாருக்கும் அவ்வளவு ஆச்சரியமாக இல்லை. கொரைரா மாமா முப்பத்தோரு ஆண்டுகள் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர், இரைச்சலுக்குள் உண்மையான சமிக்ஞை எது என்று கேட்டுச் சொல்வதே அவர் பிழைப்பு, மனைவி இறந்த பிறகு ஒரு நாயோடு தனியாக இருந்தார். பென்ஷன் கதவு முன்னால் நின்று, யாரும் இல்லாவிட்டாலும் வழக்கப்படி தானே ஒருமுறை இருமிவிட்டு, வீட்டுச்சொல்லைச் சொன்னார். "நன்றி, உறுதி செய்யப்பட்டது" என்றது குரல். புதுப் பெயிண்ட் வாசனையோடு கொஞ்சம் குளிர்காற்று வந்தது, கதவு இல்லாமல் போனது. அவர் திரும்பித் தன் வீட்டுக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. சாவியைப் போட்டால் கஞ்சிக்குள் கரண்டியைச் சுற்றுவது போல அது சுற்றிக்கொண்டே இருந்தது. பதினோரு வருஷம் வளர்த்த நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. மதியத்துக்குள் வீட்டுக்குள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது, இடது காலைக் கொஞ்சம் இழுத்து, அவரைப் போலவே. சாயங்காலம் அவர் குரலில் யாரோ உள்ளே ஜெபமாலை சொன்னார்கள். வெளியே தெருவில் நின்றிருந்த கொரைரா மாமா, பழக்கத்தில், பதில் மன்றாட்டைச் சொன்னார்.

மறுநாள் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் மெயில் வந்தது. நான் கொரைரா, ஒரு சிக்கலில் இருக்கிறேன், இந்தக் கதவுக்கு வாருங்கள் என்று. கொரைரா மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒன்பது வீட்டுக்காரர்கள் ஒரே பகலில் நீல எழுத்தைத் தொட்டார்கள்.

பத்து வீட்டுக்காரர்களும் கோயில் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பாயை விரித்தார்கள். இரண்டு வாரத்தில் ஊருக்கு அது பழகிப்போனது. பால்காரி கூடத்திலும் ஊற்றினாள், அந்த வீடுகளிலும் ஊற்றினாள், இரண்டு இடத்திலும் பாத்திரம் நீட்டினார்கள் என்றாள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், முற்றத்துக் கதவுகளில் கடிகாரம் ஓடுகிறதே, அதற்குத் தனி மீட்டர் வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார். வீடிழந்தவர்கள் வேலைக்குப் போகும் வழியில் தங்கள் ஜன்னலில் தாங்களே தலை வாரிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு நன்றாக இருக்கிறேன், இன்றைக்கு முகம் வாடியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

டீக்கடை ரொட்ரிகோ கொரைரா மாமாவை விடவில்லை. "உம்ம வீட்டுக்குள்ள இருக்கவரு உம்மளவிட எவ்வளவோ தேவலை மாமா. நேத்து வடை கொண்டு குடுத்தேன், ஜன்னல் வழியா நன்றிங்காரு. முப்பது வருசத்துல நீரு ஒருநாளாவது சொல்லியிருப்பீரா?"

"தப்பாச் சொல்லுதான்" என்றார் மாமா, டீயை ஊதியபடி. "எனக்கு வடை ஆவாது. அதைச் சாப்பிட்டான்னா அவன் நான் இல்ல."

"ஊர்ல அது ஒரு பயலுக்கும் தெரியாதே மாமா."

மாமா டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். டீ ஆறியது.

கதவுகளைக் கண்டுபிடிக்க ஊர் ஒவ்வொன்றாக வழி பார்த்தது. எங்கள் காற்றில் எந்த இரும்பும் ஒரு மாதத்தில் துருப்பிடித்துவிடும், ஆகையால் கீல் பளபளப்பாக இருந்தால் பொய்க்கதவு என்றார்கள். ஒரு வாரம் அது பலித்தது. பிறகு வந்த கதவுகள் துருவோடு வந்தன. படி தேயாமல் இருந்தால் பொய் என்றார்கள். தேய்ந்த படிகள் வந்தன, ஒன்றில் வெற்றிலைக் கறைகூட இருந்தது. பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார். கதவுகள் நனைந்தன, காய்ந்தன. ஊருக்கே அண்ணியான பிரகாசி மைனி மட்டும் மேலே ஓடும் கடிகாரத்தைக் கைநீட்டிச் சொன்னாள்: "எந்த ஆபீசு நமக்காவ அவசரப்பட்டிருக்கு? அவசரப்படுதான்னா அவன் கள்ளன்தான்." ஊர் சிரித்தது, ஆனால் அதற்குப் பிறகு நீல எழுத்தைத் தொடுவது பாதியாகக் குறைந்தது.

அந்தப் பாதியில் மிஞ்சிய ஒருத்தி கொரற்றி, அதற்குக் காரணம் நான்.

கொரற்றி என் பக்கத்து வீடு. அவள் புருஷன் தொம்மை, பிரகாசி மைனியின் தம்பி. அவன் ஏறிய கப்பலிலிருந்து ஏழு மாதமாகப் போன் இல்லை, மெயில் இல்லை. அவள் தினமும் கோயிலுக்குப் போகவில்லை, அழவில்லை, கருவாட்டைக் காயவைத்தாள், எடுத்தாள், மழை வந்தால் மூடினாள். ஒருநாள் காலை சுவருக்கு மேலாகப் போனை நீட்டினாள். "அண்ணன், இங்கிலீசுல வந்திருக்கு. கப்பல் ஏஜென்ட் ஆபீசுன்னு போட்டிருக்கு. பாத்துச் சொல்லுங்க."

வாசித்தேன். கப்பல் பெயர் சரி, தொம்மையின் முழுப்பெயர் சரி. ஒரு வாக்கியம்கூடச் சறுக்காத, நல்ல பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம். இரண்டு மொழியில் படித்த எனக்கு எழுத்தைப் பார்க்கத் தெரிந்ததே தவிர, அனுப்பிய முகவரியைப் பார்க்கத் தோன்றவில்லை. "ஆபீஸ் எழுதின மாதிரிதான் இருக்கு" என்றேன். அவள் தொட்டாள். நாங்கள் இருவரும் நிமிர்ந்தபோது அவள் முற்றத்தில், கருவாட்டுப் பாய்களுக்கு நடுவே, ஏஜென்ட் ஆபீஸ் கதவு நின்றது.

கடிகாரம் ஓடி முடியும்வரை அவள் அதன் முன்னால் நின்றாள். உதடு இரண்டு முறை பிரிந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருமக்கூட மறந்து நின்றேன். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன், இது யாரு முற்றம்?"

"உன் முற்றம்தான்."

"அப்பம் நான் உள்ள நிக்கேன். வந்தது அதுல்லா?" என்றாள். "வந்ததுதான சொல்லணும்."

இவ்வளவுதான். ஊரில் இருந்த சாமியாருக்கும் ரேடியோ ஆபீசருக்கும் எனக்கும் தோன்றாதது. அன்று சாயங்காலம் டீக்கடையில் அதைச் சொன்னபோது கொரைரா மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, வெகுநேரம் தன் வீட்டையே பார்த்தபடி இருந்தார்.

கடிகாரம் நின்றது, கதவு போகவில்லை. மறுநாள் விடிந்து, அவள் முற்றம் பெருக்க வந்தபோது, கதவுக்கு உள்ளிருந்து தொம்மையின் குரல் கேட்டது.

"கொரற்றி. நான்தாம்ளா. வீட்டுச்சொல்லைச் சொன்னாத்தான் வெளிய விடுவானுவளாம். ஒரு வார்த்தைதான. சொல்லிரு."

துடைப்பத்தை அவள் கீழே போடவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குரல் அவனுடையதுதான், அவனை வழியனுப்பிய நாளில் பேசிய அதே குரல். கொழும்பில் வாங்கிய நீலச் சேலையைப் பற்றிச் சொன்னது, தண்ணீர்த் தொட்டியில் விழுந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னது, அவள் மீன் குழம்பில் புளி கூடிவிட்டதற்கு அவன் வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பிரகாசி மைனி, ஆபீஸ் அவசரப்படாது என்று ஊருக்கே சொன்னவள், கதவின் முன்னால் மணலில் விழுந்து அழுதாள். "என் தம்பி குரலுளா அது! சொல்லுளா! ஒன்னு சொன்னா என்ன கொறஞ்சுருவ?"

"மைனி, நாளைக்கு ஆபீசுக்குப் போய்க் கேட்டுட்டு வாரேன்."

"அந்தா நிக்கில்லா ஆபீசு!"

"அது இங்க வந்த ஆபீசு. நான் போற ஆபீசு வேற."

மெயிலில் ஒரு போன் நம்பர் இருந்தது, கதவில் ஒரு விலாசம் இருந்தது. அவள் இரண்டையும் தொடவில்லை. தொம்மை முதல்முறை கப்பல் ஏறியபோது ஏஜென்ட் ஆபீசில் கொடுத்த காகிதத்தை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தாள், அதிலிருந்த விலாசத்துக்கு மறுநாள் காலை ஏழு பத்து பஸ்ஸில் தூத்துக்குடி போனோம். செய்த தப்புக்காக நானும் கூடப் போனேன். டயர் கடைக்கு மேலே மாடி. இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு கிளார்க், எங்களை நிமிர்ந்து பார்க்காமல், "நாங்க யாருக்கும் ஒன்னும் அனுப்பலம்மா" என்றார். கப்பலை ஏதோ ஒரு துறைமுகத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஆட்கள் கப்பலுக்குள்தான் இருக்கிறார்கள், போனை வாங்கிக்கொண்டார்கள், எப்போது விடுவார்கள் என்று தெரியாது, உயிரோடு எல்லோரும் இருக்கிறார்களா என்றால் அதுவும் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆத்தூர்ப் பாலம் தாண்டும்போது அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு சொன்னாள்: "தெரியாதுன்னாரு பாத்தியளா அண்ணன். அதான் நெசமான ஆபீசு."

அந்த மாதம் ஊர்க்கூட்டத்தில் எல்லா வீடும் சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. வேண்டிய முடிவுதான். ஆள் வீட்டில் இருந்தவர்கள் காதோடு காதாக மாற்றினார்கள், ஆள் கடலில் இருந்தவர்கள் போன் வரும்வரை காத்திருந்து மாற்றினார்கள். கொரற்றி மாற்றவில்லை. "அவருக்குத் தெரிஞ்சது இந்த ஒன்னுதான். இதை நான் மாத்திட்டேன்னா அவரு வந்து எதைச் சொல்லுவாரு?" என்றாள். ஊரில் பழைய பூட்டோடு நின்ற ஒரே வீடு அது என்பதும், அதன் முற்றத்தில்தான் அந்தக் கதவு நிற்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவள் ஒரு தடவை வாய் தவறினால் போதும். தொம்மை என்றைக்காவது வந்தால், அவனைப் போல ஒருவன் அவன் வீட்டுக்குள் இருந்துகொண்டு யார் நீ என்று கேட்பான்.

ஆகவே அவள் வாயை மூடிப் பழகினாள். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று தாவணித் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள், சாமியாரே கேள்விகளைக் கேட்டு, அவள் தலையசைப்பதைப் பார்த்து மன்னிப்புக் கொடுத்தார். கதவு நிலையில் ஆணி அடித்துக் கருவாட்டுக் கயிற்றைக் கட்டினாள். குரல் காலையில் கெஞ்சியது, மத்தியானம் கோபித்தது, சாயங்காலம் பாட்டுப் பாடியது. மழை நாளில் குளிருதுளா என்றது. பிரகாசி மைனி தினமும் ஒரு செம்பில் கஞ்சியைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, தம்பியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். செம்பு வைத்தபடியே இருக்கும், மேலே ஆடை படிந்திருக்கும். கொரற்றியோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள். புருஷனை வெளியே நிறுத்தி வைத்தவள் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள், கடைசியில் நானும் சுவரோரம் நின்று, ஒருவேளை அவனாகவே இருந்தால் என்று ஆரம்பித்தேன்.

"அவரு எனக்கு மெயில்ல எழுதினது அம்புட்டும் அதுக்குத் தெரியுது" என்றாள் அவள், கயிற்றிலிருந்து கருவாட்டை எடுத்தபடி. "எழுதாதது ஒன்னுகூடத் தெரியல. நேத்து கேட்டுப் பாத்தேன்."

"என்ன கேட்டே?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஒரே ஒரு நாள் அவள் தளர்ந்ததைப் பார்த்தேன். அவர்கள் கல்யாண நாள் அது. கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியை நிலையில் சாய்த்து, "நீங்க சொல்லுங்க. நான் இப்பமே திறக்கேன்" என்றாள். பிறகு அந்தக் குரல், ரொம்ப அன்பாக, "நீ பாதியைச் சொல்லு. மீதியை நான் சொல்லுதேன்" என்றது. அவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஐப்பசி மழை வெறித்திருந்த ஒரு மதியம், இரண்டரை மணி இருக்கும், பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் இறங்கித் தெருவில் நடந்து வந்தான். கையில் சக்கரப் பெட்டி இல்லை, ஒரு பிளாஸ்டிக் பைதான். தலை முழுக்க நரை. எலும்புக்கு மேலே தோலை மாட்டியது போல ஒரு உடம்பு, ஒரு பக்கம் சாய்ந்த நடை. யாரோ வியாதிக்காரன், கோயிலில் கேட்டுப் போக வந்திருக்கிறான் என்று நினைத்தோம். அவன் கொரற்றியின் வாசலில் போய் நின்றான், கதவைத் தட்டினான்.

"யாரு?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

அவன் திரும்பித் தெருவைப் பார்த்தான். எதற்காகவோ காத்திருக்கிறவன் போல, ஒவ்வொரு வாசலாகப் பார்த்தான்.

பிரகாசி மைனி எதிர்ப்பக்கத்தில் முறத்தோடு நின்றிருந்தாள். "இவன் யாரு?" என்றாள். "என் தம்பி இல்ல இவன்."

அப்போது பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்த கொரைரா மாமா, சொந்த வீட்டுக்குள் தன் குரல் ஜெபம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு ஏழு மாதமாகப் பேச்சே குறைந்துபோன மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலமாக ஒருமுறை இருமினார். ரொட்ரிகோ டீ வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு இருமினான். பால்காரி இருமினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். தெரு முழுக்க, ஒரு வீடு விடாமல், வீடில்லாதவர்களும் சேர்ந்து இருமினோம். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு, இதற்காகத்தான் நின்றேன் என்பது போல, கதவோடு முகத்தை ஒட்டினான்.

அவன் தொண்டை உடைந்திருந்தது. குரல் தேங்காய் துருவுவது போல வந்தது, தொம்மையின் குரல் துளியும் இல்லை. சொன்னது எங்கள் யார் காதிலும் விழவில்லை.

ஆனால் முற்றத்துப் பக்கமிருந்து, எங்கள் இருமலுக்கு மேலே, தொம்மை புறப்பட்டுப் போன நாளில் இருந்த அதே குரல், ஒரு நாள்கூட வயதாகாத அந்தக் குரல், அலறியது. "திறக்காத கொரற்றி! அது நான் இல்ல! சத்தியமா நான் இல்ல! என் குரலு தெரியலையா உனக்கு? திறக்காதளா!"

பிரகாசி மைனி முறத்தைப் போட்டுவிட்டு முற்றத்துப் பக்கம் இரண்டடி ஓடினாள். பிறகு நின்றாள். வாசலில் நின்ற ஆளைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, அழுகையா இருமலா என்று தெரியாதபடி அவளும் இருமத் தொடங்கினாள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் இருமலை நிறுத்தவில்லை.